திரை விலகட்டும், இசை பேசட்டும்!

பின்னணி இசை என்று அதற்குப் பெயரிட்டார்கள். பெயர் சூட்டும்போதே இடத்தையும் வகுத்துவிட்டார்கள். முன்னே நிற்பவர் நடிகர். முன்னே ஒலிப்பது உரையாடல். இசையோ, பின்னே நின்று, வா என்றால் வந்து, போ என்றால் போய்விட வேண்டிய ஏவலாள்! கதாநாயகி கண்ணீர் சிந்தினால் அதுவும் அழ வேண்டும். குதிரை ஓடினால் அதுவும் ஓட வேண்டும். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், கொட்டகையை விட்டு வெளியேறும் கூட்டம் கதையைப் பேசும், காட்சியைப் பேசும், நடிப்பைப் பேசும். இசையை? 'நன்றாகப் பொருந்தியிருந்தது' என்று ஒரே சொல். பொருந்தியிருந்ததாம், சட்டைக்குப் பொத்தான் பொருந்துவதுபோல!

அந்த ஒரு சொல்லோடு ஒரு கலைஞனின் உழைப்புக்குக் கணக்குத் தீர்த்துவிடலாமா? படத்துக்குப் பொருந்துகிறதா என்பது ஒரு தேர்வு; தேவையான தேர்வுதான். ஆனால், படம் இல்லாதபோதும் நிற்கிறதா என்பது வேறொரு தேர்வு. முதல் தேர்வில் காட்சியும் இசையும் ஒரே தாளில் எழுதுகின்றன. யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டாவது தேர்விலோ இசை தனியே அமர்ந்து எழுத வேண்டும். அருகே பார்த்து எழுத ஆள் கிடையாது. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் உவமையும் பள்ளிக்கூடத்திலிருந்தே எடுக்கிறான்; வாசகர்கள் பொறுத்தருள்க.

அந்த இரண்டாவது தேர்வுக்கு ஒரு படைப்பை அழைக்கிறேன். செர்கெய் ஐசன்ஸ்டீன் இயக்கிய 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' என்னும் சோவியத் திரைப்படத்துக்குச் செர்கெய் புரோகோபீவ் அமைத்த இசை. எளிய தேர்வராகப் பார்த்து அழைக்கவில்லை. அரசு விரும்பியபடி, அரசியல் பரப்புரைக்காக, ஒரு நாட்டு மக்களைப் பகைவனுக்கு எதிராகத் தட்டியெழுப்ப எடுக்கப்பட்ட படம் அது. ஏவல் இசை என்று எதையாவது சொல்லலாமென்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இது தனித்து நின்றுவிட்டால், பின்னணி இசை என்ற பெயரையே நாம் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

*

கதை பழையது. 1242ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், இன்றைய எஸ்தோனியாவுக்கும் உருசியாவுக்கும் இடையே கிடக்கும் பெய்ப்பஸ் ஏரியின் பகுதியில், நோவ்கொரோத் இளவரசன் அலெக்சாந்தரின் படை ஜெர்மானியச் சிலுவை வீரர்களின் படையை முறியடித்தது. வென்றவர் பக்கத்து ஏடு, மாண்ட ஜெர்மானியர் 400 பேர் என்கிறது. தோற்றவர் பக்கத்துச் செய்யுள் ஏடு, 20 வீரர் மாண்டனர், 6 பேர் பிடிபட்டனர் என்கிறது. வென்றவன் கணக்கும் தோற்றவன் கணக்கும் எந்த நாட்டில்தான் ஒத்துப்போயிருக்கின்றன! ஏரியின் பனிப்பரப்பு பிளந்து, இரும்புக் கவசம் பூண்ட வீரர்கள் மொத்தமாக மூழ்கினார்கள் என்பதை அந்த இரண்டு ஏடுகளும் சொல்லவில்லை. அதை உலகத்தின் மனத்தில் எழுதியது திரைப்படம். அழியாத மையால் எழுதியது, இசை.

படம் எடுக்கப்பட்ட ஆண்டு 1938. ஜெர்மனியில் இட்லர் ஆட்சி. 'பழைய ஜெர்மானியன் வந்தான், அழிந்தான். புதியவன் வந்தாலும் அதே கதிதான்' என்று சொல்லக் கிரெம்ளினுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. ஐசன்ஸ்டீனுக்கோ ஒரு வெற்றி தேவைப்பட்டது. 1925இல் 'போர்க்கப்பல் பொத்யோம்கின்' தந்து உலகப் புகழ் பெற்ற அந்த இயக்குநர், அதற்கு முந்திய ஆண்டுதான் 'பெழின் புல்வெளி' என்ற படத்தைப் பாதியில் நிறுத்தும்படி ஆணையிடப்பட்டு, அவமதிப்புக்கு ஆளாகி நின்றார். பல்லாண்டுகள் மேலைநாடுகளில் வாழ்ந்துவிட்டு 1936இல் தாய்நாட்டிலேயே குடியேறியவர் புரோகோபீவ். ஆக, பயந்த காலம். பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டிய காலம். அந்தக் காலத்தில் இருவரும் கைகோத்தார்கள்.

கைகோத்த விதம்தான் வியப்புக்குரியது. இரவில் படத்துண்டைத் திரையிட்டுக் காட்டினால், மறுநாள் நண்பகலுக்குள் அதற்குரிய இசையோடு புரோகோபீவ் வந்து நிற்பார் என்று ஐசன்ஸ்டீனே எழுதி வைத்திருக்கிறார். சில இடங்களில் காட்சி முதலில் பிறந்தது. இசை அதற்கேற்ப எழுந்தது. சில இடங்களில் இசை முதலில் பதிவானது. காட்சியை அதற்கேற்ப இயக்குநர் வெட்டி ஒட்டினார். கவனியுங்கள்: இயக்குநர் இசைக்கேற்பக் காட்சியை வெட்டினார்! ஏவலாள் எசமானுக்கு வழிகாட்டிய இடங்கள் அவை.

ஆயினும் ஒரு கேடு நேர்ந்தது. அந்நாளைய சோவியத் ஒலிப்பதிவு மிக மட்டமானது. 1938 டிசம்பர் 1ஆம் நாள் படம் வெளிவந்தபோது, கண்ணுக்குக் கிடைத்தது பெருவிருந்து. காதுக்குக் கிடைத்தது தகரப் பெட்டிக்குள் அடைபட்ட ஒலி. இன்றைக்கும் பழைய படியைப் போட்டுப் பார்ப்பவர்கள் இதை உணரலாம். அதைக் கேட்டுவிட்டு 'இசை பரவாயில்லை' என்று தீர்ப்பளிப்பது, மூடுபனியில் மலையைப் பார்த்துவிட்டு 'மேடு ஒன்று தெரிந்தது' என்பதற்கு ஒப்பாகும்.

புரோகோபீவ் அதோடு விடவில்லை. படத்துக்காகத் துண்டு துண்டாக எழுதியவற்றை எடுத்து, கோத்து, பெரிய இசைக்குழுவுக்கும் பாடகர் திரளுக்கும் ஒரு பெண்குரலுக்குமாக மாற்றி எழுதி, ஏழு பகுதிகள் கொண்ட 'கான்டாட்டா' ஆக்கினார். சற்றேறக்குறைய 40 நிமிடம் ஒலிக்கும் அந்தப் படைப்பு, 1939 மே 17ஆம் நாள் மாஸ்கோவில் அவரே நடத்த அரங்கேறியது. திரை இல்லை, நடிகர் இல்லை, குதிரை இல்லை. இசை மட்டும். நான் சொன்ன இரண்டாவது தேர்வைப் படைத்தவனே தன் படைப்புக்கு வைத்துவிட்டான்!

*

விடைத்தாளைப் பார்ப்போம்.

முதற்பகுதி, மங்கோலியர் காலடியில் உருசியா. படத்தில் இவ்விடத்தில் வெட்டவெளியும் எலும்பும் துருப்பிடித்த படைக்கலமும் காட்டப்படும். அவற்றை மறந்துவிட்டுக் கேளுங்கள். ஒரே இசைவரி, மிக உயரத்திலும் மிக ஆழத்திலும் ஒருசேர ஒலிக்கிறது. நடுவில்? ஒன்றுமில்லை! இசைக்குழுவின் வயிற்றுப் பகுதியே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. மேலே வானம், கீழே மண், இடையே மனிதன் வாழ வேண்டிய இடம் காலி. பாழ்பட்ட நாட்டைக் காட்ட ஒரு பிணத்தைக்கூட அவர் பயன்படுத்தவில்லை, இடைவெளியைப் பயன்படுத்தினார். அதன்பின் ஓபோ என்னும் மரக்குழல் மெல்லிய புலம்பல் ஒன்றை எடுக்கும்போது, அது அழுகையாக அல்ல, அழக்கூட ஆளில்லாத ஊரில் வீசும் காற்றாகவே கேட்கிறது.

இரண்டாம் பகுதி, 1240இல் நேவா ஆற்றங்கரையில் சுவீடியரை வென்ற கதையைச் சொல்லும் பாடல். நாட்டுப்புற நடை, அகன்ற ஆண்குரல், அவசரமில்லாத நிமிர்வு. ஊர் மன்றத்தில் முதியவர் கதை சொல்வதுபோல அமைந்தது.

மூன்றாம் பகுதியில்தான் கலைஞன் பல்லைக் காட்டுகிறான். பிஸ்கோவ் நகரைச் சிலுவை வீரர்கள் பிடித்துவிட்டார்கள். திரையில் குழந்தைகளைத் தீயில் எறியும் கொடுமை நடக்கும். இசையில் என்ன நடக்கிறது? பித்தளை ஊதுகருவிகள் ஒன்றோடொன்று உரசிக் கீறும் ஒலிக்கொத்துகளை உமிழ்கின்றன. அவற்றின்மீது இலத்தீன் சொற்களை ஒரே சீராக ஓதுகிறது பாடகர் திரள். அந்தச் சொற்களைக் கோத்துப் பார்த்தால் ஒழுங்கான பொருள் கிடைப்பதில்லை. பொருளற்ற மந்திரம், பொருளுள்ள கொடுமைக்குத் துணை நிற்கிறது! பதின்மூன்றாம் நூற்றாண்டின் உண்மையான தேவாலய இசையை எடுத்துப் பயன்படுத்தலாமே என்ற கேள்வி அவர் முன் எழுந்தது. அந்தப் பழைய இசை இன்றைய காதுக்கு மிக அந்நியமாகிவிட்டது, கேட்பவரின் கற்பனையைத் தூண்டாது, ஆகவே இன்று நாம் அதை எப்படிக் கற்பனை செய்வோமோ அப்படி எழுதுவதே நேர் என்று முடிவு செய்தார். தெளிவான முடிவு. தொல்பொருளைக் காட்சிக்கு வைப்பது ஒரு பணி; அச்சத்தை உயிர்ப்பிப்பது வேறு பணி.

படத்துக்காக அவர் இன்னொரு தந்திரமும் செய்திருந்தார். ஊதுகருவியை ஒலிவாங்கிக்கு மிக நெருக்கமாக வைத்து ஊதினால் ஒலி சிதைந்து கரகரக்கும். பிறர் குறையென்று ஒதுக்கும் அந்தச் சிதைவைப் பகைவரின் கொம்பொலிக்கு வேண்டுமென்றே கொடுத்தார். ஆனால் மேடையில் அந்த வித்தை செல்லாது. அங்கே கரகரப்பைக் கருவியின் இயல்பிலிருந்தும் சுரங்களின் மோதலிலிருந்தும்தான் பிறப்பிக்க வேண்டும். பிறப்பித்தார். திரையின் உதவி குறைந்த இடத்தில் இசையின் வலிமை கூடியது.

நான்காம் பகுதி, எழுக என்று மக்களை அழைக்கும் பாடல். இரண்டு மூன்று நிமிடமே. அதன் நடுவில் போர் முழக்கம் ஓய்ந்து, நாட்டு மண்ணைப் போன்ற அகன்ற மெட்டு ஒன்று தாழ்ந்த பெண்குரல்களில் எழுகிறது. அதைக் காதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஐந்தாம் பகுதி, பனிமீது போர். படைப்பின் மூன்றில் ஒரு பங்கு இதுவே. தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றுமே நிகழ்வதில்லை. நரம்புக் கருவிகளின் வில், கருவியின் பாலத்தை ஒட்டி உரசுகிறது; கண்ணாடியில் நகம் கீறினாற்போல் குளிர்ந்த நடுக்கம். எங்கோ தொலைவில் ஒரு கொம்பு. பிறகு, தாழ்ந்த நரம்புகள் ஒரே துடிப்பை மிதிக்கத் தொடங்குகின்றன. அதே துடிப்பு. மறுபடியும் அதே துடிப்பு. சற்று விரைந்து, மேலும் விரைந்து, மேலும் உரத்து. அதன்மேல் இலத்தீன் ஓதல். கேட்பவன் தன் மூச்சின் வேகம் மாறியிருப்பதைப் பிறகுதான் கவனிக்கிறான். பின்னர் உருசியப் பக்கத்து மெட்டுகள் பாய்கின்றன. அவற்றில் குதித்தோடும் குறும்பு இருக்கிறது, கூத்தாடியின் துள்ளல் இருக்கிறது. இரும்பு ஒழுங்குக்கு எதிரே உயிரின் ஒழுங்கின்மை! இரண்டும் முட்டி மோதி, உச்சத்தில் எல்லாம் சரிந்து, ஓசை அடங்குகிறது. அந்த அமைதியில், மிக மெல்ல, உயரத்தில், நான்காம் பகுதியில் முடிந்து வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த மெட்டு வருகிறது. வெற்றி முரசு அன்று. வெடித்த காதுக்குள் திரும்பி வரும் ஊரின் நினைவு.

ஆறாம் பகுதி, மாண்டோர் களம். ஒரே ஒரு பெண்குரல். களத்தில் கிடக்கும் உடல்களுக்கிடையே அவள் நடக்கிறாள். வீழ்ந்தவரின் கண்களுக்கு முத்தமிடுவேன் என்கிறாள். அழகனை அல்ல, வீரனையே மணப்பேன் என்கிறாள். வாளோடு களத்தில் புகுந்து பிணங்களைப் புரட்டித் தன் மகனைத் தேடிய புறநானூற்றுத் தாயை நம் வாசகர்க்கு நினைவூட்டத் தேவையில்லை. நச்செள்ளையார் பாடிய அந்தத் தாய், சிதைந்து வேறாகிக் கிடந்த மகனைக் கண்டு ஈன்ற நாளினும் பெரிது உவந்தாள். இந்தப் பெண்ணின் சொற்களும் ஏறக்குறைய அந்தப் பெருமிதத்தையே பேசுகின்றன. ஆனால் இசை? இசை அந்தப் பெருமிதத்தை ஒப்பவில்லை! சொல் 'வீரம்' என்கிறது. நரம்புகள் 'இழப்பு' என்கின்றன. சொல்லோடு இசை முரண்படும் இந்த இடம், திரையில் உடல்களையும் தீப்பந்தங்களையும் பார்த்துக்கொண்டிருப்பவன் காதுக்கு எளிதில் எட்டுவதில்லை. கண்ணை மூடினால் எட்டும்.

ஏழாம் பகுதி, வெற்றி ஊர்வலம். மணி, முழக்கம், பழைய மெட்டுகளின் பெருக்கம்.

*

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "கலை மக்களுக்காக, கலை வாழ்வுக்காக என்று எழுதும் ஏட்டில் வந்து, கருத்தை விலக்கிவிட்டு இசையை மட்டும் கேள் என்கிறாயே! இது 'கலை கலைக்காகவே' என்று மாடியில் அமர்ந்து சொல்வோரின் பழைய பல்லவி அல்லவா? பரப்புரைக்குப் பிறந்த இசையைப் பரப்புரையிலிருந்து பிரிப்பது, வாளை உறையிலிருந்து பிரித்து 'என்ன அழகான பூவேலை' என்று பிடியை மட்டும் பாராட்டுவது அல்லவா?"

நேர்மையான கேள்வி. நழுவாமல் விடை கூற வேண்டிய கேள்வி. வரலாறே விடை கூறட்டும்.

1939 ஆகஸ்டு 23. இட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் நாடும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. ஜெர்மானியனைப் பகைவனாகக் காட்டிய படம் இப்போது யாருக்கு வேண்டும்? திரையரங்குகளிலிருந்து படம் திரும்பப் பெறப்பட்டது. 1941 ஜூன் 22. ஜெர்மானியப் படை எல்லை தாண்டியது. படம் மீண்டும் திரைக்கு ஓடி வந்தது! 1942இல் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பெயரால் படை விருது ஒன்றே நிறுவப்பட்டது. அதில் பொறித்த முகம், படத்தில் அந்த இளவரசனாக நடித்த செர்க்காசொவின் முகம்! வரலாற்று நாயகனின் உண்மை முகம் யாருக்கும் தெரியாது. நடிகனின் முகமே வரலாறாயிற்று. 1948 பிப்ரவரி 10ஆம் நாள், அதே அரசின் கட்சித் தலைமை, வெற்று வடிவப் பித்தர்கள் என்று சில இசையமைப்பாளரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அந்தப் பட்டியலில் புரோகோபீவின் பெயர் இருந்தது. மறுநாளே ஐசன்ஸ்டீன் மறைந்தார். 1953 மார்ச் 5ஆம் நாள் புரோகோபீவ் மறைந்தார். அதே நாளில் ஸ்டாலினும் மறைந்தார்.

இத்தனை திருப்பங்களிலும் இசைத்தாளில் ஒரு புள்ளியாவது மாறியதா? உடன்படிக்கை நாளில் கொம்பொலி மென்மையாயிற்றா? படையெடுப்பு நாளில் கடுமையாயிற்றா? இல்லை. அதிகாரம் தன் தேவைக்கேற்ப இந்தப் படைப்பை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது. படைப்பாளனைப் போற்றியது, தூற்றியது. அப்படியானால், எடுக்கவும் வைக்கவும் இயலாமல் அந்த இசைக்குள்ளேயே தங்கிவிட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. அது எது என்று கண்டறிய, அதிகாரம் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டுத்தானே கேட்க வேண்டும்?

1959இல் சிக்காகோவில் பிரிட்ஸ் ரைனர் என்னும் நடத்துநர் இதே படைப்பை ஆங்கிலச் சொற்களோடு பதிவு செய்தார். அமெரிக்காவும் சோவியத் நாடும் பனிப்போரில் பகைத்து நின்ற காலம். பனிப்போர்க் காலத்தில் பனிமீது போரைப் பகைவன் நாட்டு இசைக்குழு வாசித்தது! ஸ்டாலினின் கொள்கைக்கு வணக்கம் செலுத்தவா வாசித்தார்கள்? இல்லை. வாசிக்கத் தக்கது என்பதால் வாசித்தார்கள்.

இன்னொரு சான்றும் உண்டு, மிகச் சிறியது. என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, பாடம் முடிந்து மணியடிக்கக் கால் மணி இருந்த ஒரு பிற்பகலில், படத்தின் பெயரும் நாட்டின் பெயரும் கூறாமல், ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தை ஒலிக்கவிட்டேன். என்ன தோன்றுகிறதென்று எழுதச் சொன்னேன். ஒருவன் இரவில் வரும் சரக்கு ரயில் என்றான். ஒருவன் யானைக் கூட்டம் என்றான். கனவில் துரத்தப்படும்போது கால் நகராமல் போவதுபோல என்றாள் ஒருத்தி. ஜெர்மானியன் என்று எவரும் எழுதவில்லை, எழுதவும் இயலாது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "வருவது எதுவோ, அதற்கு முகமே இல்லை ஐயா" என்றாள். படத்தில் ஐசன்ஸ்டீன் அந்த வீரர்களுக்கு முகம் முழுவதையும் மறைக்கும் இரும்புத் தலைக்கவசம் அணிவித்து, கண்ணுக்கு மட்டும் கீற்று விட்டிருப்பதை அவள் பார்த்ததில்லை.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு இதுதான். இசைக்குப் பெயர் தெரியாது, இயல்பு தெரியும். எந்த நாட்டான், எந்தக் கொடி, எந்த மதம் என்பதைச் சொல்லவேண்டியது படமும் பாடற் சொல்லும். முகமற்ற ஒழுங்கு ஒன்று மனிதர்மீது உருண்டு வரும்போது உடம்பு எப்படி நடுங்கும் என்பதைச் சொல்வது இசை. முதலாவது, அரசியல் மாறினால் மாறும். இரண்டாவது மாறாது. நாளை முகமற்ற ஒழுங்கு வேறு கொடியேந்தி வந்தாலும், அந்தத் துடிப்பு அதையும் காட்டிக்கொடுக்கும். 1948இல் புரோகோபீவின்மீதே வந்து விழுந்த தீர்மானத்துக்கும் முகம் இருந்ததா, என்ன?

எனவே, தோழரே, கருத்தை விலக்கச் சொல்லவில்லை. கருத்து இசைக்குள் செரித்திருக்கிறதா, மேலே பூசியிருக்கிறதா என்று உரைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பூசியது, திரை விலகினால் உதிர்ந்துவிடும். செரித்தது உதிராது. மக்களுக்காகக் கலை என்போர்தாம் இந்தச் சோதனையை மற்றவரைவிடக் கடுமையாகச் செய்ய வேண்டும். மக்களுக்குப் பூச்சைக் கொடுத்துவிட்டுப் பொன் என்று சொல்வது மக்கள் தொண்டு ஆகாது.

*

சோதனை என்றால் குறையும் வெளிப்படத்தான் செய்யும். இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

ஒன்று, ஏழாம் பகுதி. திரையில் இளவரசன் நகருக்குள் நுழைகிறான், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, அங்கே அந்த முழக்கம் தேவை. திரை இல்லாதபோது, ஆறாம் பகுதியின் ஒற்றைக் குரல் நெஞ்சில் இன்னும் நடந்துகொண்டிருக்க, இந்த மணியோசை அவசர அவசரமாக வந்து கதவைச் சாத்துகிறது. பழைய மெட்டுகள் பெரிதாகின்றன, ஆழமாவதில்லை. அரசு விழாவுக்கு எழுதிய முடிவு, இசைக்கு எழுதிய முடிவு அன்று. பூச்சு உதிரும் இடம் இதுவே.

இரண்டு, பகைவன். உருசியருக்குப் பாட்டு உண்டு, துள்ளல் உண்டு, துயரம் உண்டு. எதிரே நிற்பவனுக்கு இரும்பு மட்டுமே. அந்த இரும்புக்குள்ளும் ஒரு தாய் பெற்ற மகன் இருந்திருப்பானே என்ற ஐயத்துக்கு இந்த இசையில் ஓர் அடிகூட இல்லை. ஆனாலும் ஒன்று: படைப்பிலேயே துணிச்சலான, புதுமையான ஒலிகள் அந்தப் பகைவனுக்கே கிடைத்திருக்கின்றன. நாயகனுக்கு மரபு, பகைவனுக்குப் புதுமை! வெறுக்கும்படி ஏவப்பட்ட இடத்தில்தான் புரோகோபீவின் செவி தடையின்றித் திரிந்திருக்கிறது. ஏவியவர்கள் இதைக் கவனித்தார்களோ இல்லையோ, கேட்பவர் கவனிக்கலாம்.

ஐசன்ஸ்டீன் தாமே இந்த இசையை ஆராய்ந்து எழுதினார். போர் தொடங்குமுன் வரும் 12 காட்சித் துண்டுகளை வரைபடமாக வரைந்து, காட்சியில் கோடு எழும் இடத்தில் இசையும் எழுகிறது, விழும் இடத்தில் விழுகிறது என்று காட்டினார். பின்னர் 1947இல் வெளிவந்த திரையிசை பற்றிய நூலில், ஆன்ஸ் ஐஸ்லர் என்ற இசையமைப்பாளர் இதை மறுத்தார். தாளில் சுரப் புள்ளிகள் ஏறி இறங்குவதைக் கண்தான் பார்க்கிறது. காது காலத்தில் கேட்கிறது. காகிதக் கோடும் காதின் அனுபவமும் ஒன்றல்ல என்பது மறுப்பின் சாரம். ஐஸ்லர் பக்கமே நியாயம் இருக்கிறது. இசையைப் பெரிதும் மதித்த ஐசன்ஸ்டீனைப் போன்ற ஒரு மேதைகூட, அதன் பெருமையை நிறுவக் கண்ணின் சாட்சியத்தையே நாடினார் என்றால், காட்சியின் ஆதிக்கம் எத்தகையது என்பதை உணரலாம். 1987இல் லாஸ் ஏஞ்சல்சில், திரையில் படம் ஓட, கீழே முழு இசைக்குழு நேரில் வாசிக்கும் முறையில் இந்தப் படைப்பு புத்துயிர் பெற்றது. அன்று முதல் பல நாடுகளிலும் அப்படி நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு; தகரப் பெட்டியிலிருந்து இசைக்கு விடுதலை. ஆனால் அரங்கில் அமர்ந்தவன் கண் எங்கே? திரையில். இசைக்குழு மறுபடியும் பள்ளத்தில்!

ஆகவே வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். இன்று இந்தப் படைப்பைக் கேட்பது அரிதன்று. ரைனரின் பதிவும் உண்டு. கிளாடியோ அப்பாடோ நடத்த, எலேனா ஒப்ரஸ்த்சோவா பாட, லண்டன் சிம்பனி இசைக்குழு வாசித்த பதிவும் உண்டு. 40 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் படம் பாராமல் கேளுங்கள். தோன்றியதை ஒரு தாளில் குறியுங்கள். பிறகு பாடற்பொருளைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். சொல்லும் இசையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிணங்குகின்றன என்று பாருங்கள். கடைசியாகப் படத்தைப் பாருங்கள். அந்த வரிசையில் சென்றவர்க்கு, இசை படத்துக்குப் பொருந்தியது என்ற சொல் வாயில் எழாது. படம் இந்த இசைக்கு எங்கெங்கே பொருந்தியது, எங்கெங்கே பின்தங்கியது என்றே கேட்கத் தோன்றும்.

இந்த ஒரு படைப்போடு நிறுத்தவும் வேண்டாம். நீங்கள் விரும்பிப் பார்த்த எந்தப் படமாயினும், எந்த மொழியாயினும், கண்ணை மூடி ஒருமுறை கேளுங்கள். சில இசை அப்போதே சரிந்து விழும். அதற்காக வருந்த வேண்டாம். சில நிமிர்ந்து நிற்கும். நின்றவற்றின் ஆசிரியர் யார் என்று தேடுங்கள். அந்தப் பெயரை நடிகர் பெயருக்கு இணையாக நாலு பேரிடம் சொல்லுங்கள். நெடுங்காலம் பின்னே நின்றவர்கள் அவர்கள். முன்னே அழைத்து, என்ன சொல்ல வந்தாய் என்று கேட்க வேண்டியது நம் கடன்.